ஒரு பெயர், ஒரு நட்சத்திரக் குறி

பேச்சிமுத்து கேட்டது சின்னக் கேள்விதான். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த செண்பகவல்லியின் பின்னால் வந்து நின்று, ஒரு ஆளுக்கு எத்தனை கோப்புகள் இருக்கும் என்று கேட்டான். இருபது என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அப்பம் ஆயிரத்து எரநூத்தி எம்பது வராதுல்லா மேடம்?"

டப்பா அவள் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. குழாயை மூடவும் தோன்றாமல் ஈரக் கையோடு அவனுடைய அறைக்கு ஓடினாள். திரையில் அவன் அடித்தது அப்படியே இருந்தது. நீக்கு என்ற கட்டளை, சுடலை என்ற பெயர், அதை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி. கீழே, 1280 கோப்புகள் நீக்கப்பட்டன என்று ஒரு வரி. அந்த வரிக்கு எந்தப் பதற்றமும் இல்லை. மணி இரண்டு இருபத்திரண்டு.

ஆயிரத்து இருநூற்று எண்பதை இருபதால் வகுக்க அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. அறுபத்து நான்கு பேர். அவர்களில் இறந்தவர் ஒருவர்.

பாளையங்கோட்டையில் அந்த மூன்று மாடிக் கட்டிடத்துக்கு மூச்சுக் கண்காணிப்பு மையம் என்று பெயர்ப்பலகை உண்டு. தூங்கினால் மூச்சு விட மறந்துபோகிற உடம்புக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். விழித்திருக்கும்போது நம்மைப் போலத்தான் இருப்பார்கள், ஓடுவார்கள், சண்டை போடுவார்கள். கண்ணை மூடினால் நெஞ்சு சும்மா இருந்துவிடும். அவர்களுக்கு விலா எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பதித்து வைத்திருந்தார்கள். ஊரில் அதைப் பெட்டி என்பார்கள். அவரவர் உடம்புக்கு ஏற்ற மூச்சின் தாளம் மையத்தின் கணினியில் கோப்புகளாக இருக்கும். பெட்டி மணிக்கு ஒரு தரம் மையத்தைக் கேட்கும், என் ஆளின் கோப்பு இருக்கிறதா என்று. இருந்தால் வேலையைத் தொடரும். இல்லையென்றால் ஆள் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. முதல் வருடத்தில் மாரடைப்பில் இறந்துபோன ஒருவரின் நெஞ்சைப் பெட்டி இரண்டு நாள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து நாடி இல்லை, முடிந்துவிட்டது என்று சொல்லியும் வீட்டார் உடலைத் தர மறுத்தார்கள். மூச்சு விடுகிறவரை எப்படி எரிப்பது? அதற்குப் பிறகுதான் மரணச் சான்றிதழ் வந்ததும் கோப்புகளை நீக்க வேண்டும் என்ற விதி வந்தது. அன்று காலையில் ஏரல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எழுபத்தாறு வயது சுடலை இறந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும், சீக்கிரம் நிறுத்துங்கள் என்று அவருடைய மகன் மூன்று முறை போன் பண்ணிவிட்டார். வழக்கமாக அந்த வேலையைப் பார்க்கிறவர் விடுப்பில். பேச்சிமுத்து கையேட்டைத் திறந்து, அதில் போட்டிருந்தபடி செய்தான்.

அந்தக் கையேட்டை எழுதியவள் செண்பகவல்லி.

எட்டு மாதத்துக்கு முன்பு அந்த இடத்தில் அவள் நான்கு பக்கம் எழுதியிருந்தாள். நட்சத்திரக் குறி பெயருக்குப் பின்னால் எது வந்தாலும், எவ்வளவு நீளமாக வந்தாலும் சேர்த்து அள்ளும் என்று எழுதினாள். பின்னால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் விடாது என்று எழுதினாள். நீக்குவதற்கு முன் அதே குறியைப் போட்டு முதலில் பட்டியல் எடுங்கள், வருகிற பெயர்களைக் கண்ணால் படியுங்கள், பிறகு கையை வையுங்கள் என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள். மேலாளர் ஆல்பர்ட் துரைசிங் அந்த நான்கு பக்கத்தையும் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, இது கையேடா, ஆறாம் வகுப்புப் பாடமா என்று கேட்டார். நட்சத்திரம் என்றால் என்ன என்று தெரியாதவனுக்கு அந்த நாற்காலியில் என்ன வேலை என்றார். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் எழுதினேன் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள்.

"முந்நூறு பக்கத்த எவன் மேடம் படிக்கான்? இந்த நாலு பக்கத்துக்குப் பயந்தே மிச்சத்தயும் தொட மாட்டான். சுருக்கமா இருந்தாத்தான் கண்ணு அங்க நிக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளை அடக்கியது. உண்மையைச் சொன்னால், தணிக்கைக்காரர்கள் வரப்போகிற வாரத்தில் நான்கு பக்கம் குறைந்ததில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரே வரி. இறந்தவரின் பெயரை அடித்து, அதை ஒட்டி நட்சத்திரக் குறி இட்டு நீக்கவும்.

பெங்களூரிலோ டெல்லியிலோ அந்த வரி பல வருடம் ஒருவரையும் கொல்லாமல் கிடந்திருக்கும். இந்தச் சீமையில் கதை வேறு. இந்த நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வருவது. தொட்டிலில் போட்ட குழந்தை காலையில் கண் விழிக்காது. ஒன்று போய், இரண்டு போய், மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது தாய் தகப்பன் சுடலைமாடன் கோயிலுக்குப் போய் விழுவார்கள். இது தங்கினால் உன் பெயரையே வைக்கிறோம் என்று வேண்டிக்கொள்வார்கள். தங்கிய பிள்ளைகளெல்லாம் சுடலைமுத்து, சுடலைமணி, சுடலையாண்டி, சுடலைவடிவு என்று வளர்ந்தார்கள். நோய் எங்கே இருந்ததோ அங்கே அந்தப் பெயரும் இருந்தது. முன்பு ஆளுக்கு ஓர் எண்தான் கொடுத்திருந்தார்கள். ஓர் இலக்கம் மாறி ஒருவர் தாளம் இன்னொருவருக்குப் போய் வம்பாகிவிட்டதால் கோப்புகளைப் பெயருக்கு மாற்றினார்கள். நட்சத்திரக் குறி ஒரு தெய்வத்திடம் நேர்ந்துகொண்ட பிள்ளைகளை ஒருவர் விடாமல் வாரிக்கொண்டு போய்விட்டது.

அந்த அறுபத்து மூன்று பேரில் செண்பகவல்லியின் தம்பியும் ஒருவன்.

சுடலைக்கண்ணுக்கு வயது முப்பத்தொன்று. தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். பகலில்தான் தூக்கம், அதுவும் தனியறையில், போனை அணைத்து வைத்துவிட்டு. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போனவை. அவன் பிறந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. பெட்டி வருவதற்கு முந்தைய அந்த வருடங்களில் ராத்திரியில் எத்தனை முறை எழுந்து அவன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. இப்போது அந்த விரல் விறைத்துப்போய் இருந்தது.

ஆல்பர்ட் துரைசிங் வந்து திரையைப் பார்த்தார். மனிதரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. பேச்சிமுத்து சுவரோரம் நின்றுகொண்டு, கையேட்டைப் பார்த்துத்தான் செய்தேன், கையேட்டைப் பார்த்துத்தான் செய்தேன் என்று இரண்டு தரம் சொன்னான். அவனைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை.

கோப்புகளின் நகல் சென்னையில் இருந்தது. அதைத் திறக்க அங்கே இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். ஆல்பர்ட் கேட்டுப் பார்த்ததில் மூன்று மணி தாண்டிவிடும் என்று தெரிந்தது. பெட்டிகள் அடுத்த முறை கேட்கப்போவதும் மூன்று மணிக்குத்தான்.

"நின்னா நின்னதுதானா சார்?" என்று பேச்சிமுத்து கேட்டான்.

இல்லை என்றாள் செண்பகவல்லி. அந்தப் பகுதியை எழுதியவளும் அவள்தானே. தப்பாக நிறுத்தியிருந்தால் திருத்திக்கொள்ளட்டும் என்று, நின்ற பிறகும் மூன்று மணி நேரத்துக்குப் பெட்டி நிமிடத்துக்கொரு முறை கேட்டுக்கொண்டே இருக்கும். கோப்பு திரும்பி வந்த நிமிடத்தில் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

"பெட்டி ஓடும். நடுவுல மூச்சில்லாம கெடந்த நேரத்த அது திருப்பித் தராது."

ஆக, செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. அறுபத்து மூன்று பேரையும் தூங்கவிடக் கூடாது. மதியச் சாப்பாடு முடிந்து ஊரே கண்ணயர்கிற நேரம். வெளியே வெயில் தகித்தது. ஆல்பர்ட் பட்டியலை அச்சடித்து ஆறாகக் கிழித்து, இருந்த ஆறு பேருக்கும் கொடுத்தார். தம்பி பெயர் இருக்கிற துண்டை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில் பதினோரு பெயர்கள்.

அறை முழுக்கப் போன் சத்தம். தூங்காதிய, நாலு மணி வர தூங்காதிய, பக்கத்துல யாராச்சும் இருந்தா பேசிட்டு இருங்க என்று ஆறு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. ஒருவர் சவரக்கடை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடப் போகிற நேரத்தில் பிடித்தார்கள். ஒரு வாத்தியார் பரீட்சை ஹாலில் இருந்தார், எடுத்ததும் கோபித்துக்கொண்டார். இன்னொருவர் பஸ்ஸில் உறங்கிக்கொண்டிருந்தார், பக்கத்துச் சீட்டுக்காரி எடுத்தாள், அவள் தட்டி எழுப்புகிற வரைக்கும் செண்பகவல்லிக்கு மூச்சு ஓடவில்லை. அவர் விழித்து ஆலோ என்றதும் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்தது தம்பி. நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

அவனைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம் என்று புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை. இரண்டு பெயர்களுக்குப் பேசினாள், இடையில் அவனைக் கூப்பிட்டாள். இன்னும் மூன்று பெயர், மறுபடி அவனை. அவன் அறைக்குக் கீழே இருக்கும் செருப்புக் கடைக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அவர் மாடியேறிப் போய்ப் பார்த்துவிட்டு, கதவிலேயே பதித்த பூட்டு, உள்ளிருந்து பூட்டியதா வெளியிலிருந்தா என்று தெரியவில்லை, தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை என்றார். உடையுங்கள் என்றாள். வீட்டுக்காரரைக் கேட்காமல் எப்படி உடைக்க என்று அவர் தயங்கினார். அவள் அவரைக் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு மறுபடி கெஞ்சினாள். கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு ஐம்பத்தாறு.

நகலைத் திறந்துவிட்டார்கள், மீட்பதற்கு ஆயத்தமாக வந்து உட்காருங்கள் என்று ஆல்பர்ட் கத்தினார். மீட்பது எப்படி என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"ஒங்க லிஸ்ட் முடிஞ்சுதா மேடம்?"

அவள் தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள், அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் தலைக்குள் இருந்தது தூத்துக்குடியில் ஒரு மூடிய கதவு மட்டும்தான். துண்டுக் காகிதத்தை மேஜையில் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள்.

மூன்று மணி அடித்தது. கண்காணிப்புத் திரையில் பச்சையாக இருந்த அறுபத்து நான்கு புள்ளிகளும் ஒன்றாக அணைந்தன. சென்னையிலிருந்து நகல் வர வர, எத்தனை சதவீதம் என்று ஒரு எண் ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறுகிற வேகம் போதவில்லை. பேச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மூன்று ஒன்பதுக்கு நகல் முழுதாக வந்து சேர்ந்தது. செண்பகவல்லி விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். மீட்டெடு என்று அடித்தாள். சுடலை என்று அடித்தாள். நட்சத்திரக் குறி போட்டு எண்டரைத் தட்டினாள்.

புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. யாரோ கை தட்டினார்கள். ஆல்பர்ட் துரைசிங் நாற்காலியில் விழுந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று பன்னிரண்டுக்கு அவள் போன் அடித்தது. தம்பி.

"யக்கா, என்னக்கா முப்பது தரம் கூப்ட்டுருக்க? போன்ல சார்ஜ் இல்ல, டீக்கடைல போட்டுட்டு இருந்தேன். இன்னக்கி தூக்கமே வரல பாத்துக்கோ, ஒரே வெக்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். உயிரோடு இருக்கிறவனின் குரல் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தூங்கிராதே தம்பி, நான் சொல்லுற வரைக்கும் தூங்கிராதே என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அடுத்த போன் பேச்சிமுத்துவுக்கு. எடுத்தான். கொஞ்சம் கேட்டதுமே ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தான். ஏரல் பக்கத்தில் இறந்துபோன சுடலையின் மகன் குரல். பின்னால் பெண்கள் கூச்சலிடுவது கேட்டது.

"மூணு மணிக்கு நெஞ்சு நின்னுது. முன்னமே குளிப்பாட்டி வச்சிருந்தோம், நின்னதும் கோடி போத்தி மால போட்டுட்டோம். இப்பம் திரும்ப மூச்சு விடுதாரு. எங்கம்மா மேல விழுந்து கெட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தரயும் தொட விடமாட்டேங்கா. எங்கய்யா இருக்காரா, இல்லயா? ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

செண்பகவல்லி மெதுவாகத் திரையின் பக்கம் திரும்பினாள். 1280 கோப்புகள் மீட்கப்பட்டன என்று இருந்தது. பட்டியல் எடுத்துப் பார்க்கவில்லை. பெயர்களைக் கண்ணால் படிக்கவில்லை. பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாததையும் நட்சத்திரம் விடாது என்று நான்கு பக்கத்துக்கு எழுதிக் கோடு போட்டவள், தானே அதே குறியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறாள். செத்துப்போன சுடலையும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பி வந்துவிட்டார். வெட்கமும் பயமும் அவளைச் சேர்ந்து பிடித்தன. நாலு பக்கம் என்ன, நாற்பது பக்கம் இருந்திருந்தாலும் இந்தக் கை அப்படித்தான் அடித்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மகனிடம் ஆல்பர்ட்தான் பேசினார். நாடியைப் பாருங்கள் ஐயா, அது மூச்சில்லை, பெட்டி என்று சொன்னார். இந்த முறை பேச்சிமுத்து பட்டியல் எடுத்தான். அதில் இறந்தவருடைய இருபது கோப்புகளின் பெயர்களையும் செண்பகவல்லி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். இருபதையும் தனித்தனியாக நீக்கினார்கள். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டாவது முறையாக. போனில் அந்த அம்மாளின் அழுகை ஏறி ஒலித்தது, பிறகு யாரோ அணைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அறை கொஞ்சம் தெளிந்தது. யாரோ டீ வாங்கிவரப் போனார்கள். அறிக்கை எழுத வேண்டுமே என்று ஆல்பர்ட் ஆறு துண்டுகளையும் சேர்த்து, பேசியாயிற்று என்று போட்ட டிக் குறிகளை எண்ணினார். அறுபத்திரண்டு வந்தது. சுடலைக்கண்ணு பிறகு தானே பேசினானே என்று அவனையும் சேர்த்துத்தான் எண்ணினேன் என்றார். மறுபடி எண்ணினார். பிறகு ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். பதினோராவது பெயர், சுடலைவடிவு, வயது இருபத்தாறு, நாசரேத். எதிரே ஒன்றும் இல்லை.

அவள் அந்த எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது மணியடிப்பில் ஒரு வயதான பெண் குரல் எடுத்து, யார் பேசுவது என்று கேட்டது. வடிவின் மாமியார். வடிவு எங்கே என்று கேட்டாள் செண்பகவல்லி.

"உள்ள கெடக்கா. ராத்திரியெல்லாம் புள்ள உறங்க விடல. ரெண்டு மணிக்குப் பால் குடுத்துட்டு அசந்துட்டா. எழுப்பாண்டாம்னு நாந்தான் போன இங்கன எடுத்து வச்சேன்."

"அவுங்களப் போய்ப் பாருங்கம்மா. இப்பமே பாருங்க."

செருப்பில்லாத காலடிகள் உள்ளே போவது கேட்டது. ஆல்பர்ட் நெருங்கி வந்து காதைக் கொடுத்தார். பேச்சிமுத்துவும் வந்தான்.

"நல்லா உறங்குதா. மூச்சு சீரா விடுதா. நெஞ்சு ஏறி எறங்குது."

பேச்சிமுத்து அப்பாடா என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தான். மூன்றிலிருந்து மூன்று ஒன்பது வரை என்று அவள் உதடுகள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன. எழுப்புங்கள் என்றாள் போனில். அந்த அம்மாள் கூப்பிட்டாள். ஏட்டி வடிவு. பிறகு இன்னும் உரக்க. கூப்பாட்டில் குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. புள்ள அழுவுது எந்திரிட்டி என்ற குரல் கேட்டது, கையைப் பிடித்து உலுக்குகிறபோது வளையல்கள் குலுங்குகிற சத்தம் கேட்டது. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. கையில் நாடி இருக்கிறதா என்று பாருங்கள் என்று செண்பகவல்லி சொன்னாள், சொன்னது தன் காதுக்கே எட்டவில்லை.

அந்த அம்மாள் போனுக்குத் திரும்பி வந்தாள். குரலில் பயம் இன்னும் வந்திருக்கவில்லை, கொஞ்சம் குழப்பம் மட்டும்தான் இருந்தது.

"கண்ணத் தொறக்க மாட்டேங்கா. ஆனா மூச்சு நல்லாத்தான் விடுதா. பொறவு நீங்க ஏம்மா அழுவுதிய?"